மிருகம் வருவதற்கு முன் கேட்ட சத்தம்

பள்ளிக்கூட மண்டபத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தோம். ஈரக்காற்று உள்ளே வரும்போதெல்லாம் விரிப்பு ஊதி அடங்கும். அதில் தெரிந்த கடலும் சேர்ந்து ஊதி அடங்கியது.

கறுப்பு வெள்ளைப் படம். ஜப்பான்காரர்கள் எந்தக் காலத்திலோ எடுத்தது. கடலுக்கு அடியிலிருந்து ஒரு ராட்சத மிருகம் எழுந்து வந்து பட்டணத்தை மிதித்துப் போடும் கதை.

பிற்பகல்தான். ஜன்னல்களில் தார்ப்பாய் அடித்திருந்ததால் உள்ளே இருட்டாக இருந்தது. முன்னால் பாயில் பிள்ளைகள், பின்னால் பெரியவர்கள். நனைந்த கம்பளியும் பருப்பு வேகிற வாசனையும் கலந்து மண்டபம் முழுக்க நின்றன. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தில் மிருகத்தை உடனே காட்டமாட்டார்கள். முதலில் சத்தம்தான் வரும். தூரத்தில், நிலத்துக்குள்ளிருந்து எழுவது போல, காலடிச் சத்தம். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னமும் மறக்கவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாசலைப் பார்த்து, வாய் திறக்காமல், மழைக்குள் நடந்து போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்களும் போனார்கள்.

மண்டபத்தில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எந்த மழை என்று கேட்காதீர்கள்

இதை வாசிக்கிற மலைநாட்டுக்காரர்களுக்கு நான் எந்த மழையைச் சொல்கிறேன் என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: வானம் பல நாள் மூடியே கிடந்தது, ஒரு மாலையில், வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் மண் சரிந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த லயத்து வீடுகளில் பாதி அதற்குள் போயிற்று.

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

தப்பியவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். என் வீடு கொட்டகலையில். பாதை உடைந்து பஸ் நின்றுபோனதால் நானும் அங்கேயே தங்கிவிட்டேன். ஆசிரியர் அறை மேசையில் படுத்துக்கொண்டு, காலையில் ரொட்டி பங்கிட்டு, பிள்ளைகளுக்கு விளையாட்டு என்ற பெயரில் எதையாவது செய்துகொண்டிருந்தேன்.

நுவன் என்ற சிங்கள இளைஞர் கம்பளையிலிருந்து அரிசியும் கம்பளியும் கொண்டு வந்தவர். ஒரு நாள் சின்னதாய் ஒரு புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"டீச்சர், பிள்ளைங்க சும்மா இருக்குதுதானே. படம் போடுவோம். டைனோசர் மாதிரி ஒண்ணு. பயம் இல்ல. பழைய படம், பிள்ளைங்க சிரிக்கும்."

நல்ல மனது. நானும் சரி என்றேன். மண் சரியும் முன் கேட்ட சத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. படத்தில் அப்படி ஒரு சத்தம் வரும் என்பது எனக்கும் ஞாபகம் வரவில்லை.

ஹட்டன் தியேட்டரில்

ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த மிருகத்தை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

ஹட்டனில் அப்போது இருந்த ஒரு தியேட்டரில். அதே படமா, அதைப் பார்த்து எடுத்த வேறொன்றா என்று சொல்ல முடியாது. அந்த மாதிரிப் படங்கள் பல வந்தன. அப்பா சம்பளத்தன்று எங்களைக் கூட்டிப் போனார். சண்டைப் படம் என்று நினைத்துத்தான் போனோம். மரப் பெஞ்சில் மூட்டைப் பூச்சி. முன்வரிசையில் யாரோ சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகைக்குள்ளிருந்து மிருகம் தலையைத் தூக்கியது.

நானும் தம்பியும் கூவினோம். அது ஒரு கோபுரத்தை ஒடித்தபோது தியேட்டரே கைதட்டியது.

அம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தார். மிருகத்தைப் பார்த்து அல்ல. படத்தில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடுகிற காட்சி ஒன்று வந்தது. தலையில் பாய், இடுப்பில் பிள்ளை, கையில் பானை.

"எல்லாம் எங்கங்க போகுதுங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"படந்தானே, சும்மா இரு."

"படந்தான். எங்க போகுதுங்கன்னு கேக்குறேன்."

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் என் சித்தியின் குடும்பம் போயிருந்தது. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி புறப்பட்டபோது சித்தியின் கையை அம்மா விடவில்லை. கோச்சி இழுத்துத்தான் அந்தக் கை பிரிந்தது. சித்தியை நாங்கள் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

அந்த மிருகத்தின் கதையை அணுகுண்டு விழுந்த தேசத்து ஆட்கள் எதற்காக எடுத்தார்கள் என்று பின்னாளில் எங்கேயோ வாசித்தேன். நேராகச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு மிருகம் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் அம்மா வாசிக்காமலே அழுதுவிட்டார்.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன்.

பூரணம்

உட்கார்ந்திருந்தவள் பெயர் பூரணம்.

அவள் அந்த லயத்துக்காரிதான். ஆனால் மண் சரிந்த அன்று அங்கே இல்லை. கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். தீபாவளிக்கும் சித்திரைக்கும் மட்டும் வருவாள். புருஷன் செல்வம் தோட்டத்தில் வேலை. மகள் தர்ஷினி எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு. நான்தான் வகுப்பாசிரியை. கையெழுத்துக் குண்டு குண்டாக இருக்கும். கேள்வி கேட்டால் கையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சை விட்டே எழுந்துவிடுவாள்.

செய்தி கேட்டுப் பூரணம் புறப்பட்டபோது பாதைகள் அறுந்திருந்தன. கோச்சியும் ஓடவில்லை. பாதி வழி பஸ், பாதி வழி யாரோ ஒருவருடைய வேன், நோர்வூட்டிலிருந்து நடை. அவள் வந்து சேர்ந்தபோது அப்பனையும் மகளையும் தேயிலைக்கு நடுவில் மற்றவர்களோடு புதைத்து முடிந்திருந்தது. மயானத்துப் பாதையும் போய்விட்டதால் வேறு வழியில்லை. அவளுக்கு நாங்கள் காட்டியது ஒரு மண் மேடு மட்டும்.

அவள் எல்லோரிடமும் ஒன்றையே கேட்டாள். என்ன நடந்தது?

எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "சட்டுன்னு முடிஞ்சிருச்சு பூரணம். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"சட்டுன்னுன்னா எவ்வளவு நேரம்?"

அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். கிணற்றடியிலும் அடுப்படியிலும் அவளைச் சுற்றி ஒரு வெற்றிடம் நடந்து போயிற்று. மற்றவர்களுக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டாலே போதும். அவர்கள் எல்லோரும் அன்று அங்கே இருந்தவர்கள். இவள் இல்லை.

இன்னொருக்காப் போடுங்க

பிள்ளைகள் மழைக்குள் போனதும் நுவன் படத்தை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சொரி டீச்சர். நான் நினைக்கல. சொரி."

பூரணம் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, நிப்பாட்டாதீங்க. அந்தச் சத்தத்த இன்னொருக்காப் போடுங்க."

"எதுக்கு பூரணம்? வேணாம், எழும்பு" என்றேன்.

"அவுங்க எல்லாரும் கேட்டிருக்காங்க டீச்சர். பச்சப் புள்ளைங்க கூடக் கேட்டிருக்கு. எம் புருஷனும் புள்ளையும் கேட்டிருக்காங்க. நான் ஒருத்திதான் கேக்கல."

நுவன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வேறென்ன செய்ய?

பிள்ளைகளை மழைக்குள்ளிருந்து கூட்டி வந்து தாழ்வாரத்தில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவளுக்காக மட்டும் சத்தத்தைக் குறைத்துப் போட்டோம். காலடி. இடைவெளி. காலடி. ஜப்பான்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வந்து மேலே பார்க்கிறார்கள். பூரணம் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பக்கத்து வீட்டில் பேசுவதைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நுவன் திரும்பிப் போகும்போது அந்தப் படத்தை என் போனில் ஏற்றிவிட்டுப் போனார். அவள் கேட்டுக்கொண்டதால்தான்.

அதற்குப் பிறகு போன் அவளிடம்தான் இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து காதோடு வைத்துக்கொள்வாள். யாராவது தனியாக அகப்பட்டால் நீட்டுவாள். "இப்படியா கேட்டுச்சு? இந்த மாதிரியா?" ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டு விலகிப் போனார்கள். ஒரு பெண் அவளைத் திட்டினாள். போனை வாங்கி வைத்துவிடுங்கள் என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான் என்று பிறகு புரிந்தது. மகள் பயந்தாளா? எவ்வளவு நேரம் பயந்தாள்?

அப்படி இல்லக்கா

மைக்கேல் பூரணத்தின் பக்கத்து வீட்டுக்காரன். முப்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஒரு கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. முகாமுக்கு வந்த நாளிலிருந்து அவன் யாரோடும் பேசி நான் பார்க்கவில்லை. ஜெபம் சொல்ல வந்த சுவாமியிடம்கூடப் பேசவில்லை.

ஒரு காலை நானும் பூரணமும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தோம். பனி இறங்கி எதிரில் மலையே இல்லாததுபோல் இருந்தது. அவள் மடியில் போன் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கேல் தானாக வந்து எங்கள் முன்னால் நின்றான்.

"அக்கா, அந்த போன ஆஃப் பண்ணுங்க. அப்படி இல்லக்கா."

பூரணம் நிறுத்தினாள். "பொறவு எப்படி?"

"இது ஒவ்வொரு காலா வச்சு வருது. விட்டு விட்டுக் கேக்குது. அன்னைக்கு அப்படி இல்ல. நிக்காம வந்துச்சு." அவன் நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "லோட் ஏத்திக்கிட்டு மேட்டுல லொறி ஏறுற சத்தம் மாதிரி."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவனும் தரையில் குந்தினான். பிறகு சொன்னான்.

அன்று காலையிலேயே சுவரில் வெடிப்புக் கண்டிருக்கிறது. எல்லோரும் கீழே போக வேண்டும், ஏற்றிப்போக லொறி வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வயசானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் இருந்தார்கள்; அந்த மழையில் நடந்து இறங்க முடியாது. மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். மத்தியானம் போயிற்று. லொறி வரவில்லை. சாயங்காலம் ஆயிற்று.

"அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. எல்லாரும் லொறின்னுதான் நெனச்சோம். நாந்தான் அக்கா கத்துனேன். 'லொறி வந்திருச்சு, சாமானத் தூக்குங்க'ன்னு லயம் பூராவும் கேக்குற மாதிரி கத்துனேன்."

பூரணத்தின் உதடு அசைந்தது. "அவரு?"

"செல்வம் அண்ணன் அதுவரைக்கும் வாசல்லதான் நின்னாரு. நான் கத்துனதும் மூட்டைய எடுக்க உள்ள போனாரு. நான் லொறியப் பாக்க வளைவுக்கு ஓடுனேன். அங்க லொறி இல்ல. திரும்பிப் பாத்தா லயமும் இல்ல."

கொட்டகைக்குள் யாரோ பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டினார்கள். அந்த ஓசை நின்ற பிறகு பூரணம் கேட்டாள்.

"புள்ள?"

"நான் பாக்கலக்கா. உள்ளருந்து சத்தம் மட்டும் கேட்டுச்சு. 'அப்பா, நான் முன்னுக்கு ஒக்காந்துக்குறேன்'னு சொல்லிச்சு."

"முன்னுக்கு" என்றாள் பூரணம்.

"ஆமாக்கா. லொறியில. டிரைவர் பக்கத்துல."

"பஸ்ஸுலயும் அவ அப்படித்தான். முன் சீட்டுக் கெடைக்கலன்னா மொகத்தத் தூக்கி வச்சுக்குவா." கீழே கிடந்த கத்தியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பயந்த மாதிரிக் கேட்டுச்சா?"

"இல்லக்கா. சந்தோசமாத்தான்."

அவள் எழுந்தாள். என் போனை என் மடியில் வைத்தாள். குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். மண்டபத்துக்குள் போய்ப் பாயில் படுத்து, வந்த நாளிலிருந்து தூங்காததையெல்லாம் சேர்த்துத் தூங்கினாள். மறுநாள் ரொட்டிக்கு மணி அடித்துப் பிள்ளைகள் இரைகிறபோதும் எழும்பவில்லை. மூச்சு இருக்கிறதா என்று நான் இரண்டு தடவை குனிந்து பார்த்தேன்.

அவன் சொன்னது அவளுக்கு ஆறுதலா, இன்னும் பெரிய புண்ணா? அவர்கள் வெளியே நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பதும் அதற்குள்ளேயேதானே இருக்கிறது. நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்டதில்லை.

மைக்கேலோடு அவள் பேசவில்லை. அவன் இருந்த பக்கம் போகவுமில்லை. அவன் முன்னைவிட மோசமானான். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். கொழும்புக்குப் போகிறேன், இந்த மலையே வேண்டாம் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னான். பூரணத்திடம் அதைச் சொன்னதற்காகவே நொந்துகொள்கிறான் என்று தெரிந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமா டீச்சர் என்று கேட்டான். அவன் தோளைத் தொடக் கையை நீட்டி, கட்டுப் போட்ட பக்கம் என்று பார்த்து எடுத்துக்கொண்டேன்.

லொறி

பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டிய நாள் வந்தது. முகாமைக் கலைக்கச் சொன்னார்கள்.

எங்கே போவது? அதே தோட்டத்தின் கீழ் டிவிசனில், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த பழைய லயம் ஒன்றைத் திறந்து கொடுத்தார்கள். அதே மலைதான், அதன் அடிவாரம். தற்காலிகம்தான், புது வீடு வரும் என்று சொல்ல வந்த அதிகாரி நல்ல மனிதர். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் அவர்கள் அந்த லயத்தில்தான் இருக்கிறார்கள். மழை பிடித்தால் யாரும் பாய் விரிப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

சாமான்களை ஏற்றிப்போக லொறி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முற்றத்தில் நின்றவர்கள் பிள்ளைகளை அருகில் இழுத்துக்கொண்டார்கள்.

காலையில் மூட்டைகளோடு விளையாட்டுத் திடலில் நின்றோம். கம்பளி, வாளி, யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கதிரை. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பிறகு கீழே பாதையில் சத்தம் கேட்டது. அடி வயிற்றிலிருந்து எழுகிற உறுமல். மேட்டில் ஏற ஏறக் கனத்துக்கொண்டு வந்தது.

ஒருவர்கூட மூட்டையைத் தொடவில்லை. பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு திடலின் அந்தக் கோடிக்கு நகர்ந்தார்கள். யாருடைய கண்ணும் பாதையில் இல்லை. மேலே, மலையில் இருந்தது. மைக்கேல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

லொறி வளைவைத் திரும்பிக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. நீல நிற லொறி. எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் யாரும் அசையவில்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்தாமல் ஹோர்ன் அடித்தார். "வாங்கங்க, நேரமாகுது!"

பூரணம்தான் நடந்தாள். திடலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, லொறியின் முன்னால் போய் நின்றாள். எஞ்சின் ஓட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அதன் மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். டிரைவர் தலையை நீட்டி என்னவோ கேட்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

அவள் திரும்பினாள். எங்களையெல்லாம் விட்டுவிட்டு, சுவரோரம் முதுகு காட்டி நின்றவனைப் பார்த்தாள். திடல் பூராவும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மைக்கேலு! லொறிதான்டா! நான் தொட்டுப் பாத்துட்டேன், லொறிதான்! சாமானத் தூக்குங்க!"

முதலில் மைக்கேல்தான் குனிந்தான். ஒரு கையால் தன் மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கினான். பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள்.